விண்டோஸ் மாற்றிய பிறகு பாஸ்வேர்டு தானாக வரவில்லையா? அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம். அதனால் திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ், ஈரோட்டு ஜவுளிக் கடை, சோமனூர் தறிக்காரர் வீடு, பொள்ளாச்சி நார் மில் என்று எங்கே பார்த்தாலும் ஒன்று விண்டோஸ் 11 ஏற்றுகிறார்கள், இல்லையென்றால் புது சிஸ்டமே வாங்குகிறார்கள். வேலை முடிந்த மறுநாள் காலையில் வரும் புகார் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "ஏனுங்க, சேவ் பண்ணி வெச்ச பாஸ்வேர்டு ஒண்ணுகூட வரமாட்டேங்குதுங்க."

பாஸ்வேர்டு மேனேஜரை இப்போதுதான் பயன்படுத்தத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் பாஸ்வேர்டு எங்கேயும் போயிருக்காது. அது இருக்கும் இடத்துக்கும் பிரவுசருக்கும் நடுவில் இருந்த தொடர்புதான் அறுந்திருக்கும். அது புரியாமல் பதற்றத்தில் எக்ஸ்டென்ஷனை நீக்கி, பிரவுசரை நீக்கி, ஹிஸ்டரியைத் துடைத்து, ஒவ்வொரு தளத்திலும் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கொடுக்க ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அப்போதுதான் உண்மையிலேயே தொலைகிறது. எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியும்வரை எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், மேனேஜரில் லாக் அவுட்கூடக் கொடுக்காதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

பாஸ்வேர்டு மேனேஜர் என்பது ஒரே பொருள் இல்லை, மூன்று பகுதி. பாஸ்வேர்டுகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் பெட்டகம் ஒன்று. பிரவுசருக்குள் உட்கார்ந்துகொண்டு லாகின் பக்கத்தில் நிரப்பிக் கொடுக்கும் எக்ஸ்டென்ஷன் இன்னொன்று. இந்த இரண்டையும் பேசவைக்கும் இணைப்பு மூன்றாவது, அது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பதிவாகியிருக்கும். மஞ்சள் குடோனில் மூட்டை வைத்த இடத்தில்தான் இருக்கிறது, கேட்டில் நிற்கிற ஆள் புதுசு, அதனால் உள்ளே விடமாட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

பெட்டகம் எங்கே இருக்கிறது என்பது மேனேஜருக்கு மேனேஜர் மாறும். பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு போன்றவற்றில் அது அவர்களுடைய சர்வரில் பூட்டிய நிலையில் இருக்கும். சிஸ்டத்தையே தூக்கிப் போட்டாலும் மாஸ்டர் பாஸ்வேர்டு, அதாவது பெட்டகத்தைத் திறக்கும் பாஸ்வேர்டு, நினைவில் இருந்தால் கவலை இல்லை, ஒன்பாஸ்வேர்டுக்கு மட்டும் அவர்கள் கொடுத்த சீக்ரெட் கீயும் வேண்டும். கீபாஸ்எக்ஸ்சியில் அது உங்கள் கணினியிலேயே இருக்கும் ஒரு ஃபைல், பெயரின் கடைசியில் கேடிபிஎக்ஸ் என்று முடியும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இவற்றிலேயே 'சேவ்' கொடுத்து வைத்தவர்களுக்குப் பெட்டகமும் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு மேல் இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன், அதிகமாக அடிபடுவதும் இவர்கள்தான்.

மாற்றுவதற்கு முன்னால்

சர்வீஸ்காரர் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "ஏனுங்ணா, டேட்டா எல்லாம் டி டிரைவ்ல போட்டாச்சுங்களா? சி-யை ஃபார்மட் அடிச்சரலாங்களா?" பில், டிசைன், டேலி பேக்கப் எல்லாம் டி-யில்தான் இருக்கிறது என்று நாமும் தலையாட்டிவிடுவோம். ஆனால் பிரவுசர் சேமித்த பாஸ்வேர்டு டி-யில் இருக்கவே இருக்காது. அது சி டிரைவில், உங்கள் யூசர் பெயருக்குள், ஆப்டேட்டா என்கிற மறைந்த ஃபோல்டரில் இருக்கிறது. சாதாரணமாகத் திறந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஆகவே அந்தக் கேள்விக்குச் சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் கேளுங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் தெளிவாகக் கேளுங்கள்: மேலேயே அப்கிரேடா, இல்லை ஃபார்மட் செய்து புதிதாகப் போடுவதா? இரண்டும் ஒன்று இல்லை. மேலேயே ஏற்றினால் உங்கள் யூசர் கணக்கும் அதன் சாவிகளும் அப்படியே தொடரும், பாஸ்வேர்டுகளும் பெரும்பாலும் தங்கிவிடும். ஃபார்மட் என்றால் கதை வேறு.

குரோம், எட்ஜ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இவை பாஸ்வேர்டைப் பூட்டும்போது விண்டோஸ் யூசர் கணக்கோடு பிணைத்துத்தான் பூட்டுகின்றன. குரோம் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்துவைத்து, புது விண்டோஸில் கொண்டுபோய் ஒட்டினால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு திறக்காது. அதே பெயரில் அதே பாஸ்வேர்டு வைத்துப் புது யூசர் உருவாக்கினாலும் திறக்காது, ஏனென்றால் உள்ளே இருக்கும் சாவி வேறு. இதே காரணத்தால்தான், மறந்துபோன விண்டோஸ் பாஸ்வேர்டை யாராவது பென்டிரைவ் டூல் போட்டு அழித்துக் கொடுத்தால், சிஸ்டம் திறக்கும், குரோமில் சேமித்தது திறக்காது.

அதனால் குரோமில் மேலே வலது மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டு, கூகுள் பாஸ்வேர்டு மேனேஜருக்குள் போய், அதன் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் கொடுங்கள். விண்டோஸ் பின்னைக் கேட்கும், போட்டால் சிஎஸ்வி ஃபைல் ஒன்று இறங்கும். கூகுள் கணக்கில் சைன் இன் செய்து அதிலேயே பாஸ்வேர்டுகள் சேர்ந்திருந்தால் இதுகூட வேண்டியதில்லை, புது சிஸ்டத்தில் சைன் இன் செய்தால் வந்துவிடும். ஆனால் அது யாருடைய ஜிமெயில் என்று பாருங்கள். முன்னாடி கணக்குப் பார்த்த தம்பி தன் சொந்த ஜிமெயிலில் சைன் இன் செய்து, கம்பெனியின் ஜிஎஸ்டி, பிஎஃப், பேங்க் எல்லாவற்றையும் அதில் சேமித்துவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பார். சின்ன ஆபீஸ்களில் சாதாரணமாக நடக்கிற விஷயம். அப்படி இருந்தால் எக்ஸ்போர்ட் எடுத்துக் கம்பெனி கணக்குக்கு மாற்றுங்கள், அப்புறம் அந்தப் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய போன் தொலைந்தால் என்ன ஆகும்?

ஃபயர்ஃபாக்ஸ் இந்த விஷயத்தில் எளிது. அதன் பூட்டும் சாவியும் ஒரே புரொஃபைல் ஃபோல்டருக்குள் (உங்கள் பிரவுசர் அமைப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) இருக்கின்றன: லாகின்ஸ் என்ற ஜேசன் ஃபைலில் பாஸ்வேர்டு, கீ4 என்ற டிபி ஃபைலில் அதன் சாவி. ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லை, இரண்டும் சேர்ந்து வரவேண்டும். புரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்துவிடுவதே நல்லது. சேமித்தவற்றைப் பூட்ட ஃபயர்ஃபாக்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு வைத்திருந்தால் அது நினைவில் இருக்கிறதா என்று இப்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.

கீபாஸ்எக்ஸ்சி என்றால் அந்த ஒரு ஃபைலைப் பென்டிரைவில் போடுங்கள், பெட்டகத்தைத் திறக்கக் கீ ஃபைல் தனியாக வைத்திருந்தால் அதையும் சேர்த்து. பிட்வார்டனில் எக்ஸ்போர்ட் எடுக்கும்போது பூட்டிய ஜேசன் வகையைத் தேர்ந்தெடுத்து, அதிலும் தனிப் பாஸ்வேர்டு போடும் வழியைத் தேர்ந்தெடுங்கள். கணக்கோடு கட்டிய இன்னொரு வகை அதே கணக்கில்தான் திறக்கும், கணக்கே போய்விட்டால் அந்த ஃபைலும் உதவாது.

மாஸ்டர் பாஸ்வேர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் விரல் வைத்தோ பின் போட்டோ திறந்து பழகியவர்களுக்கு அது மறந்தே போயிருக்கும். விரல்ரேகையில் திறக்கும் வசதி அந்தக் கணினிக்கு மட்டும் கட்டுப்பட்டது, புது விண்டோஸில் முதல் தடவை மாஸ்டர் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். பிட்வார்டன் போன்ற மேனேஜர்களில் மாஸ்டர் பாஸ்வேர்டை நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது, வடிவமைப்பே அப்படி. மாற்றுவதற்கு முந்தைய நாள் ஒரு தடவை பெட்டகத்தைப் பூட்டி, கையால் டைப் செய்து திறந்து பாருங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தால் அதன் ரிகவரி கோடைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். விண்டோஸ் ஹலோவில் (விரல், முகம், பின் வைத்துத் திறக்கும் வசதி) அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்த பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி, இருந்தால் அது ஃபார்மட்டோடு போய்விடும், அந்தத் தளங்களில் வேறொரு லாகின் வழியை முன்னாலேயே சேர்த்துவிடுங்கள்.

தேதியும் முக்கியம். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி. 9-ஆம் தேதியோ 18-ஆம் தேதியோ சிஸ்டத்தில் கை வைக்காதீர்கள். 21-க்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு வரவில்லை என்றால்

முதலில், எந்த பிரவுசரில் இருக்கிறீர்கள்? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் பாதிப் பிரச்சனை இங்கேயே தீர்ந்துவிடும். புது விண்டோஸில் டாஸ்க்பாரில் எட்ஜ்தான் முன்னால் நிற்கும், மெயிலில் வரும் லிங்கைத் தட்டினாலும் அதுதான் திறக்கும். உங்கள் எக்ஸ்டென்ஷன் குரோமில் இருக்கும்போது எட்ஜில் தேடினால் எப்படி வரும்? குரோமைத் திறந்தாலும், மேலே இருக்கும் சின்ன வட்டப் படம் உங்கள் புரொஃபைல்தானா என்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் தனிப் புரொஃபைல் என்பதால், திரும்ப இன்ஸ்டால் செய்தால் சில சமயம் காலியான புதுப் புரொஃபைல் திறக்கும். பழையது பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும், ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் பக்கத்துக்குள் போனால் புரொஃபைல்கள் பட்டியலுக்கான இணைப்பு கிடைக்கும், அங்கே பழையதையே வழக்கமாகத் திறப்பதாக (டிஃபால்ட்) வையுங்கள்.

அடுத்து கீபோர்டு. மாஸ்டர் பாஸ்வேர்டு தவறு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறதா? நோட்பேடைத் திறந்து ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு 2-ஐத் தட்டுங்கள். இமெயில் முகவரியில் வரும் அட் குறி வரவேண்டும். மேற்கோள் குறி வந்தால் விண்டோஸ் போடும்போது இங்கிலாந்து கீபோர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அந்த அமைப்பில் இந்த இரண்டு குறிகளும் இடம் மாறியிருக்கும். பாஸ்வேர்டு கட்டத்தில் வெறும் புள்ளிதான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்கவே முடியாது. தமிழ்99 வைத்திருப்பவர்கள் அது ஆன் ஆகி நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையில் இருக்கும் மொழிக் குறியைத் தட்டி மாற்றினால் போதும். பேங்க் தளங்களில் தவறான பாஸ்வேர்டைத் தொடர்ந்து போட்டால் கணக்கே பூட்டிக்கொள்ளும், ஆகவே நோட்பேடில் சோதித்துவிட்டு அங்கே போங்கள். சோதித்ததை சேவ் செய்யாமல் மூடுங்கள்.

பழைய சிஸ்டமாக இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்த பிறகு தேதி எங்கேயோ போய் நிற்கும். அப்போது தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும், மேனேஜர் சிங்க் ஆகாது, லாகினுக்கான ஆறு இலக்க எண்ணை அந்தக் கணினியிலேயே மேனேஜரில் எடுத்தால் அதுவும் பொருந்தாது. தேதி நேரத்தைத் தானாக அமைக்கும்படி வையுங்கள், பேட்டரியையும் மாற்றுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் எக்ஸ்டென்ஷனுக்கு வருவோம். குரோமில் புதிர்த் துண்டு மாதிரி இருக்கும் படத்தைத் தொட்டால் எக்ஸ்டென்ஷன்கள் வரிசையாகத் தெரியும். உங்கள் மேனேஜர் இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைத்து வைத்து, இனி ஆதரவு இல்லை என்று குரோமே குறிப்பிட்டிருந்தால் அது மேனிஃபெஸ்ட் 2 என்ற பழைய முறையில் எழுதப்பட்டது. குரோம் அந்த முறையை 2024-இலிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டது. திரும்ப ஆன் செய்யப் போராடாதீர்கள், அதே நிறுவனத்தின் புதுப் பதிப்பைப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஓடுகிறது, ஆனால் கட்டத்தில் நிரப்பவில்லை என்றால் அதன் விவரப் பக்கத்தில் 'சைட் ஆக்சஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். தட்டினால் மட்டும் என்று இருந்தால் எல்லாத் தளத்திலும் என்று மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷனும் சரி, பெட்டகமும் திறக்கிறது, இரண்டும் பேசிக்கொள்ளவில்லை என்றால் அறுந்தது நடுவில் இருக்கும் இணைப்பு. கீபாஸ்எக்ஸ்சி பயன்படுத்துகிறவர்களுக்கு அப்கிரேடுக்குப் பிறகு அதிகம் வருவது இதுதான். முதலில் கீபாஸ்எக்ஸ்சியைத் திறந்து பெட்டகத்தையும் திறந்து வையுங்கள், பூட்டியிருந்தால் பிரவுசருக்கு ஒன்றும் கிடைக்காது. செட்டிங்ஸில் பிரவுசர் இன்டெக்ரேஷன் பக்கம் போய், குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ உங்களுடையதற்கு நேராக இருக்கும் டிக்கை எடுத்து, ஓகே கொடுத்து, திரும்ப வந்து டிக் போடுங்கள். இப்படிச் செய்யும்போது அந்த இணைப்புப் பதிவு விண்டோஸில் புதிதாக எழுதப்படும். பிரவுசரை முழுவதுமாக மூடித் திறந்து, எக்ஸ்டென்ஷனில் 'கனெக்ட்' கொடுங்கள், பெயர் கேட்கும், 'ஆபீஸ் குரோம்' என்று ஏதாவது வையுங்கள். பிட்வார்டனில் விரல்ரேகையால் எக்ஸ்டென்ஷனைத் திறக்கும் வசதி நின்றுபோயிருந்தாலும் காரணம் இதுதான்: அதற்கு டெஸ்க்டாப் ஆப்பும் கணினியில் இருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதன் செட்டிங்ஸில் பிரவுசர் இன்டெக்ரேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். ஃபார்மட்டுக்குப் பிறகு எக்ஸ்டென்ஷனை மட்டும் போட்டுவிட்டு ஆப்பை மறந்துவிடுவார்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்யவில்லை என்பதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் டிரைவரையும் எம்சைனரையும் தனியாகத் திரும்பப் போடவேண்டும், பாஸ்வேர்டு மேனேஜருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஃபார்மட் அடித்தாகிவிட்டது, நகல் எதுவும் எடுக்கவில்லை என்பவர்கள் சி டிரைவில் விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். டிரைவைத் துடைக்காமல் மேலேயே போட்டிருந்தால் பழைய யூசர் ஃபோல்டர் அதற்குள் இருக்கும். கேடிபிஎக்ஸ் ஃபைலையும் ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலையும் அங்கிருந்து எடுத்துவிடலாம். ஆனால் வழக்கமாகப் பத்து நாளில் விண்டோஸ் அதைத் தானே அழித்துவிடும். இடம் போதவில்லை என்று 'கிளீன் அப்' கொடுத்துவிடாதீர்கள்.

மேக், உபுண்டு, போன்

மேக் அப்டேட்டுக்குப் பிறகு சஃபாரியில் எக்ஸ்டென்ஷன் டிக் எடுபட்டிருக்கலாம், சஃபாரி செட்டிங்ஸில் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் போட்டுவிடுங்கள். குரோமைத் திறக்கும்போது 'குரோம் சேஃப் ஸ்டோரேஜ்' என்று ஏதோ கேட்டு பாஸ்வேர்டு கட்டம் வந்தால் பயந்து மறுக்காதீர்கள். அது மேக்கின் சொந்தப் பெட்டகமான கீசெயினில் இருக்கும் குரோமின் சாவி, மேக்கின் லாகின் பாஸ்வேர்டைப் போட்டு எப்போதும் அனுமதி என்று கொடுங்கள்.

உபுண்டு 20.04-இலிருந்து மேலே போன கல்லூரி மாணவர்களுக்கு: 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ் 'ஸ்னாப்' என்ற தொகுப்பு வடிவத்துக்கு மாறிவிட்டது. ஸ்னாப் தனிக் கூண்டுக்குள் ஓடுவதால் கீபாஸ்எக்ஸ்சியோடு பேசுவது அப்போது நின்றது, பிறகு அதற்கென்று ஒரு வழி சேர்த்தார்கள். சிஸ்டத்தை முழுமையாக அப்டேட் செய்தும் பேசவில்லை என்றால் உபுண்டுவின் பழைய தொகுப்பு வடிவமான டெப்பில் மொஸில்லா தரும் பதிப்பைப் போடுங்கள். ஸ்னாப்பின் புரொஃபைல் ஹோமில் ஸ்னாப் ஃபோல்டருக்குள் இருக்கிறது, அதை நகலெடுத்த பிறகே ஸ்னாப்பை நீக்குங்கள்.

ஆண்ட்ராய்டில் பெரிய அப்டேட் வந்த பிறகு செட்டிங்ஸில் பாஸ்வேர்டு பகுதிக்குள் போய், நிரப்பிக் கொடுக்கும் சேவையாக உங்கள் மேனேஜர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். குரோம் ஆப்பின் செட்டிங்ஸிலும் வேறு சேவையைப் பயன்படுத்து என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டரில் பாஸ்வேர்டு சேமித்திருந்தவர்கள் போனைக் குற்றம் சொல்லாதீர்கள், 2025 ஆகஸ்ட்டோடு அந்த வசதியையே அவர்கள் எடுத்துவிட்டார்கள்.

புதிதாக இறக்கும்போது

கூகுளில் மேனேஜர் பெயரைத் தேடி மேலே வருவதைத் தட்டாதீர்கள். 2023 அக்டோபரில் கீபாஸ் பெயரில் கூகுளில் விளம்பரமே வந்தது, அதைத் தட்டினால் திறந்த போலித் தளத்தின் முகவரியில் கே எழுத்துக்கு அடியில் ஒரு சின்ன வால் மட்டும் கூடுதலாக இருந்தது. திரையில் அழுக்கு என்று நினைத்துக் கடந்துவிடும் அளவு. அங்கே இறக்கியவர்களுக்கு வந்தது வைரஸ். முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள், இல்லையென்றால் குரோம் வெப் ஸ்டோர், ஃபயர்ஃபாக்ஸ் ஆட்-ஆன்ஸ் தளங்களில் தயாரித்தவர் பெயரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் வந்துவிட்டதா? பெட்டகத்தில் எண்ணிக்கை பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள், ஜிஎஸ்டி, இ-வே பில், மின்வாரியம் மூன்றிலும் லாகின் செய்து பாருங்கள். தனி மேனேஜர் வைத்திருப்பவர்கள் பிரவுசரின் 'பாஸ்வேர்டு சேவ் செய்யவா' என்ற கேள்வியை அணைத்துவிடுங்கள், இரண்டும் போட்டி போட்டு நிரப்பினால் எது புதுப் பாஸ்வேர்டு, எது பழையது என்றே தெரியாமல் போகும்.

அப்புறம் அந்த சிஎஸ்வி ஃபைல். அதில் பூட்டு எதுவும் இல்லை, எக்செலில் திறந்தால் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாகத் தெரியும். அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்திருந்தால் அங்கேயும் அழியுங்கள். கணினியில் ஷிஃப்ட்டோடு டிலீட் கொடுங்கள், பென்டிரைவில் இருப்பதையும் விடாதீர்கள். விண்டோஸ் 11-இல் டெஸ்க்டாப் ஃபோல்டர் உங்களைக் கேட்காமலேயே ஒன்டிரைவில் ஏறிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே ஒன்டிரைவ் தளத்தைத் திறந்து அதன் ரீசைக்கிள் பின்னிலும் அந்த ஃபைல் இல்லை என்று பார்த்துவிடுங்கள்.